ஆப்பு வீடு

தெருக்காரர்கள் அதை ஆப்பு வீடு என்றுதான் சொல்வார்கள். ஒரு பக்கம் வங்கி, இன்னொரு பக்கம் துணிக்கிடங்கு. இரண்டையும் கட்டியவர்களுக்குள் ஏதோ ஆகாது போலிருக்கிறது. ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி கட்டிடங்கள் கோணிக்கொண்டு நின்றன. நடுவில் முக்கோணமாக ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. அதை ஒருவரும் சீந்தவில்லை. ரொட்டிக்காரரின் அப்பா சீந்தினார். அவர் கைக்கு எட்டியது அவ்வளவுதான் என்பதைத் தவிர, அந்த வீட்டைக் கட்டியதில் அவருக்கு வேறு கலைநோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

தெருப்பக்கம் கூடம், அடுத்து சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை, கடைசியில் பின்னறை. ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், போகப் போகக் குறுகும். பின்னறையின் கோடி மூலையில் ஒரு ஆள் நேராக நிற்க முடியாது. பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கினால் உண்டு. அங்கே துடைப்பத்தையும் ஒரு மடக்கு மேசையையும் சாத்தி வைத்திருந்தார்கள்.

ரொட்டிக்காரர் ராத்திரி முழுக்க அடுமனையில் மாவு பிசைந்து, சுட்டு, விடிந்த பிறகு வந்து அந்தப் பின்னறையில் படுப்பார். சாயங்காலம் எழுந்து மறுபடி வேலைக்குப் போவார். அவர் எழுந்த கட்டிலில் ராத்திரி அவர் மகள் சிட்டு படுப்பாள். சிட்டுவுக்கு இளைப்பு. கூடத்தில் படுக்க வைத்தால் பேருந்துப் புகை. பின்னறையில் படுக்க வைத்தால் காற்றே கிடையாது, ஏனென்றால் பின்னறைக்கு ஜன்னல் இல்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும் மருந்தைக் கொடுத்துவிட்டு, "முதல்ல அந்த ரூமுக்குக் காத்து வர்றதுக்கு வழி பண்ணுங்க" என்பார்.

வழி இருந்தது. வங்கிக் கட்டிடம் பின்னறைக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே பின்னறையின் இடதுபக்கச் சுவர் அவர்களுடைய சொந்தச் சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம்: புல்தரை, பூப்பாத்தி, ஒரு கல் இருக்கை. அந்த இருக்கையில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று கிடங்கு மாடியில் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். தோட்டம் நகர அழகியல் பாதுகாப்பு மன்றத்துக்குச் சொந்தம். ஊரில் எந்தப் பழைய சுவரில் ஆணி அடிப்பதானாலும் மன்றத்தைக் கேட்க வேண்டும். ரொட்டிக்காரரும் மனைவியும் ஒரு ஜன்னலுக்காகப் போய்க் கேட்டிருந்தார்கள்.

மன்றத்தின் செயலாளர் ஒரு பெண்மணி. குரல் தேன் மாதிரி இருக்கும். ஒட்டிக்கொண்டால் கழுவ நேரமாகும்.

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா உங்க ஜன்னல் எங்க தோட்டத்தோட மௌனத்தைப் பார்க்குமே?" என்றார் அன்றைக்கு.

"ஜன்னல் பாக்காதுங்க. நாங்கதான் பாப்போம்" என்றாள் ரொட்டிக்காரரின் மனைவி.

"அதாம்மா பிரச்சினையே."

மனைவிக்குத் தண்ணீர்க் குழாய் நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் கேட்கிற உத்தியோகம். பதில் சொல்லாமல் பதில் சொல்வது எப்படி என்பது அவளுக்குத் தொழில்முறையில் தெரியும். ஆகவே திரும்பி வரும்போது, "நடக்காதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அப்படிப்பட்ட மன்றம் ஒருநாள் காலையில் தானாகவே அவர்கள் வாசலில் வந்து நின்றது. செயலாளர் அம்மாவும், அவருக்கு முன்னால் மன்றத் தலைவரும். தலைவர் ஒரு காலத்தில் கட்டிடங்கள் வரைந்தவர். அவர் வரைந்த எதையும் ஊர் கட்டாததால் ஊரின்மேல் தீராத அக்கறை கொண்டவர். நல்ல உடல்வாகு. கழுத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு சால்வை, தடித்த கம்பளிக் கோட்டு. வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"குறுகுதல்!" என்றார். "செயலாளரே, பாருங்கள். இது வீடு அல்ல, ஒரு வாதம்."

ரொட்டிக்காரருக்கு வாதம் என்றால் கை கால் இழுத்துக்கொள்கிற நோய்தான் தெரியும்.

விஷயம் இதுதான். ஆண்டுதோறும் இரண்டு நாள் ஊரில் கட்டிட அழகுள்ள வீடுகளைத் திறந்துவிட்டுப் பொதுமக்களைச் சுற்றிக்காட்டுவது மன்றத்தின் வழக்கம். அதற்குக் 'கதவே பேசு' என்று பெயர். இதுவரை ஆற்றோரத்து மாளிகைகளையே காட்டி வந்தார்கள். மாளிகைக்காரர்கள் இந்த முறை தரை விரிப்பு அழுக்காகிறது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஆகவே மன்றத்துக்கு ஏழைகளின் அழகியலில் திடீரென்று ஆர்வம் பிறந்துவிட்டது.

"ரெண்டு நாள்தான். நீங்க எதுவும் செய்ய வேண்டாம், வழக்கம்போல இருந்தாப் போதும்" என்றார் செயலாளர் அம்மா. பிறகு குரலைத் தணித்து, "அந்த ஜன்னல் விஷயத்தையும் தலைவர்கிட்ட பேசலாம்" என்றார்.

ரொட்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கதவைப் பார்த்தாள். உள்ளே சிட்டு இருமினாள். சரி என்று சொல்லிவிட்டார்கள்.

வழக்கம்போல இருப்பதற்கான ஏற்பாடுகள் மறுநாளே தொடங்கின. மன்றத்து ஆட்கள் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அவை உண்மையாக இல்லையாம். பதிலுக்கு ஒரு மொட்டை மர முக்காலி வந்தது. அதில் உட்காரக் கூடாதாம். குளிர்சாதனப் பெட்டிக்குச் சாக்குத்துணி போர்த்தினார்கள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் புகைப்படத்தைக் கழற்றிவிட்டு, முகம் தெரியாத இரண்டு பேரின் மங்கலான படத்தை மாட்டினார்கள்.

"யாருங்க இவங்க?" என்றார் ரொட்டிக்காரர்.

"உங்க முன்னோர் மாதிரி" என்றார் வந்த ஆள்.

சிட்டு மருந்துப் புகை பிடிக்கிற சின்ன இயந்திரத்தைச் செயலாளர் அம்மா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது காலத்துக்கு ஒட்டலையே. ரெண்டு நாள் பீரோவுக்குள்ள இருக்கட்டும்."

"பொண்ணுக்கு மூச்சு முட்டினா?"

"பாப்பாவும் பீரோ பக்கத்துலதானே இருப்பா?"

கொடியில் துணி காய வேண்டும், ஆனால் உள்ளாடை கூடாது, நீலம் கூடாது. அடுப்பில் ஏதாவது கொதிக்க வேண்டும், ஆனால் வாசனை வரக் கூடாது. மனைவி இரண்டு நாளும் வெந்நீரைக் கொதிக்க வைப்பது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை விடிந்தபின் ரொட்டிக்காரர் வேலை முடிந்து தெருமுனையில் திரும்பினார். வங்கியைத் தாண்டி வரிசை நின்றது. கழுத்தில் காமிரா தொங்கும் ஆண்கள், தட்டையான செருப்பு அணிந்த பெண்கள், குடைகள், மடிக்கிற முதுகுப்பைகள். சட்டையெல்லாம் மாவும், கண்ணெல்லாம் தூக்கமுமாக அவர் நேராக வாசலுக்குப் போனார். அங்கே வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கழுத்தில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு நின்றார். மன்றத்தின் வழிகாட்டி.

"சார், வரிசை அங்க இருக்கு."

"இது என் வீடுங்க."

வழிகாட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப சந்தோஷம் சார். வர்ற ஒவ்வொருத்தரும் அப்படித்தான் உணரணும். அதான் எங்க நோக்கமே. வரிசைல வாங்க."

அவர் வரிசையில் வந்தார். அவருக்கு முன்னால் நின்ற ஒரு தம்பதி ஆப்பு வீட்டைக் கட்டியவர் வெளிநாட்டில் படித்தவர் என்று பேசிக்கொண்டார்கள். அப்பா கொத்தனாருக்குச் சித்தாள் வேலை பார்த்தவர் என்று சொல்ல ரொட்டிக்காரர் வாயெடுத்தார். அதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

கூடத்தில் வழிகாட்டி எல்லோரையும் சுவரோரமாக நிறுத்தினார். "இங்கே நாம் முதலில் உணர்வது இடநெருக்கடி. பணக்காரர்கள் இடத்தைச் செலவழிப்பார்கள். இவர்கள் இடத்தைச் சிந்திக்கிறார்கள்."

எல்லோரும் கொஞ்ச நேரம் இடத்தைச் சிந்தித்தார்கள்.

சமையலறையில் மனைவி வெந்நீரின் முன்னால் நின்றாள். காதில் பெரிய வளையம் போட்ட ஒரு பெண்மணி அவளை நெருங்கி, "இந்தக் குறுகலான வீடு உங்க ரெண்டு பேர் உறவை எப்படி மாத்தியிருக்கு?" என்று கேட்டார்.

"போறப்ப வர்றப்ப இடிச்சுக்குவோம்."

"எவ்வளவு அழகு!" என்று அந்தப் பெண்மணி பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம வீட்டுல நாள் கணக்கா ஒருத்தரையொருத்தர் பாக்கிறதே இல்ல."

"பாத்திரம் கழுவ ஆள் இருந்தா அப்படித்தாங்க" என்றாள் மனைவி. அப்போதுதான் கூட்டத்துக்குள் கணவனைக் கண்டாள். "ஏங்க, வந்துட்டீங்களா? போய்ப் படுங்க."

அவர் பின்னறைக்குப் போய்ப் படுத்தார். கூட்டமும் பின்னாலேயே வந்தது. போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார். போர்வைக்கு வெளியே வழிகாட்டியின் குரல் கேட்டது.

"மெதுவாக வாங்க. இந்த அறையில் ஒரு வசிப்பாளர் உறங்கிக்கொண்டிருக்கிறார்."

"நிஜ ஆளா?"

"நிஜந்தான். மூச்சு விடறார் பாருங்க."

"சம்பளத்துக்கா?"

"இல்ல, ஆர்வத்துல செய்யறார்."

யாரோ அவருடைய பாதத்தைப் பென்சிலால் வரைந்தார்கள். யாரோ அவர் உள்ளங்காலின் பித்தவெடிப்பைத் தரையின் விரிசலோடு ஒப்பிட்டார்கள். ஒருவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து செருப்புக்குள் போன கல்லை எடுத்தார். களைப்பு மிகுந்து ரொட்டிக்காரர் அசந்துவிட்ட நேரத்தில் செயலாளர் அம்மா தோளைத் தட்டினார்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க குறட்டை விடறீங்க. அது இந்த அறையோட ஒலியமைப்பைக் கெடுக்குதுன்னு பார்வையாளர்கள் சொல்றாங்க. குறட்டை இல்லாம தூங்க முடியுமா?"

அவர் குறட்டை இல்லாமல் தூங்கினார். அதாவது, கண்ணை மூடிக்கொண்டு முழித்திருந்தார். 

சாயங்காலம் தெருவில் மேடை போட்டுத் தலைவர் பேசினார். ரொட்டிக்காரரையும் மனைவியையும் முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் விஷயத்தைத் தலைவர் இன்று அறிவிக்கப் போகிறார் என்று செயலாளர் அம்மா காதோடு சொல்லியிருந்தார். சிட்டு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்பர்களே!" என்று தலைவர் ஆரம்பித்தார். "வெளிச்சத்தை யார் வேண்டுமானாலும் விலை கொடுத்து வாங்கலாம். இருட்டை வாங்க முடியாது. அது பரம்பரையாக வர வேண்டும். இந்தக் குடும்பம் அந்தச் சொத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறது. அந்தப் பின்னறையில் நான் நின்றேன். என் வீட்டில் இருபுறமும் தோட்டம், நான்கு புறமும் ஜன்னல். ஆனால் அன்பர்களே, அங்கே எனக்குக் கிடைக்காத நிம்மதி இங்கே கிடைத்தது. சிறிது நேரம்தான் நின்றேன் என்றாலும் கிடைத்தது!"

கைதட்டல் எழுந்தது.

"இந்த வீட்டை எளிய மக்களின் அறியாமையிலிருந்து காப்பது நம் கடமை. அறியாமை என்று ஏன் சொல்கிறேன்? இந்தக் குடும்பமே ஒருமுறை அந்தச் சுவரில் ஜன்னல் வைக்கக் கேட்டது! அன்றைக்கு நாம் சம்மதித்திருந்தால் இன்றைக்கு இந்த இருட்டு எங்கே? ஆகவே அறிவிக்கிறேன். இன்று முதல் இந்த வீடு மன்றத்தின் பாதுகாப்பில் வருகிறது. செயற்குழு ஒருமனதாகச் சம்மதிக்காமல் இதன் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடக் கூடாது. இது நான் எழுதிய விதி. ஜன்னல் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் ரொட்டிக்காரரின் கையைக் குலுக்கி, "கொடுத்து வச்சவங்க" என்றார்.

கூட்டம் கலைந்ததும் ரொட்டிக்காரர் செயலாளர் அம்மாவிடம் போனார். "அம்மா, ஜன்னல் பத்திப் பேசறேன்னு சொன்னீங்களே."

"பேசினோமே? தலைவர் எவ்வளவு நேரம் பேசினார், கேட்கலையா?"

மனைவி கேட்டாள்: "அந்த ரூம்ல எங்க பொண்ணு மூச்சு விட முடியாம கிடக்கிறா. அதுக்கு உங்க மன்றத்துல என்ன பேரு?"

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க. நாளைக்கு வெளியூர்ப் பிரதிநிதிகள் வர்றாங்க. நல்ல நேரம் பார்த்து மறுபடி சொல்றேன்."

அன்று ராத்திரி சிட்டுவுக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது. மனைவி பீரோவிலிருந்து இயந்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு காலையில் அவர் வந்தபோது, "கதவைச் சாத்திடலாங்க. போதும்" என்றாள்.

"ஒரு நாள்தானே. வெளியூர்க்காரங்க எதிர்ல கேட்டா அந்த ஆளால மறுக்க முடியாது" என்றார் அவர்.

"நீங்க கேப்பீங்களா?"

"கேக்கிறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, எப்படிக் கேட்பது என்று அவருக்கே தெரியவில்லை. ஊரில் யாரிடமும் குரலை உயர்த்தாதவர் அவர். மாவிடம் மட்டும்தான் பலத்தைக் காட்டுவார்.

வெளியூர்ப் பிரதிநிதிகள் வந்தார்கள். தலைவரே வழிகாட்டினார். பின்னறை நிறைந்து, சமையலறை நிறைந்து, கூடத்திலும் தலைகள். ரொட்டிக்காரர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எப்போது கேட்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மூலைதான் வீட்டின் இதயம்" என்றார் தலைவர். துடைப்பத்தை எடுத்து ஒரு பிரதிநிதியிடம் கொடுத்தார். அவர் அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மடக்கு மேசை இன்னொருவர் கைக்குப் போனது. "கட்டிடத்தைக் கண்ணால் பார்ப்பவன் பாமரன். உடலால் வாசிப்பவனே ரசிகன். பாருங்கள், நான் வாசிக்கிறேன்."

"சார், அங்க போகாதீங்க. ரொம்ப ஒடுக்கம்" என்றார் ரொட்டிக்காரர்.

"வசிப்பாளர் பயப்படுகிறார்!" என்று தலைவர் புன்னகைத்தார். பக்கவாட்டில் திரும்பினார், மூச்சை முழுக்க வெளியே விட்டார், கோட்டோடும் சால்வையோடும் மூலைக்குள் தன்னைச் செருகினார். இன்னும் கொஞ்சம் செருகினார். பிரதிநிதிகள் படம் பிடித்தார்கள். ஆகா என்றார்கள். தலைவர் பெருமையாக மூச்சை உள்ளே இழுத்தார்.

அவ்வளவுதான். ஆப்பு இறுகிவிட்டது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. "சுவர் என்னைத் தழுவுகிறது" என்றார் தலைவர். "நான் சுவரைத் தழுவுகிறேன்." சற்றுப் பொறுத்து, "தழுவல் போதும்" என்றார். வலது காலை அசைத்தார். இடது தோளை அசைத்தார். நெற்றி வியர்த்தது. "செயலாளரே."

"சொல்லுங்க தலைவரே."

"என்னால வெளிய வர முடியல."

மேடைத் தமிழ் போய்ச் சாதாரணத் தமிழ் வந்ததில்தான் விஷயத்தின் கனம் எல்லோருக்கும் உறைத்தது. வழிகாட்டி கையைப் பிடித்து இழுத்தார். தலைவர் அலறினார். இரண்டு பிரதிநிதிகள் சேர்ந்து இழுத்தார்கள். சால்வை மட்டும் வந்தது. ரொட்டிக்காரர் ஓடிப்போய், வேலைக்கு வைத்திருந்த வெண்ணெயைக் கொண்டு வந்து எட்டியவரைக்கும் கோட்டில் தடவினார். தலைவர் பளபளத்தாரே தவிர நகரவில்லை. பதற்றத்தில் மூச்சு வாங்க வாங்க அவர் இன்னும் உப்பினார். தெருவில் நின்ற வரிசைக்குள், உள்ளே ஏதோ நிகழ்த்துகலை நடக்கிறது என்று செய்தி பரவி, கூட்டம் முட்டி மோதியது.

மனைவி தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசி செய்தாள். வந்த அதிகாரி குனிந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் கிடங்கு, கருங்கல்லு. இந்தப் பக்கம் ஒத்தைச் செங்கல். தோட்டத்துப் பக்கமிருந்து உடைச்சு எடுத்துடலாம். வேற வழி இல்ல."

"உடைப்பதா?" என்றார் செயலாளர் அம்மா. "செயற்குழு ஒருமனதாகச் சம்மதிக்கணும். தலைவரோட விதி."

செயற்குழு உறுப்பினர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். சமையலறையில் கூடினார்கள். கொதிக்கிற வெந்நீரைச் சுற்றி நின்று விவாதித்தார்கள். சுவரை உடைப்பது வீட்டின் இருட்டுக்கு இழைக்கும் துரோகம் என்றார் ஒருவர். தலைவரே இப்போது வீட்டின் ஒரு பகுதியாகிவிட்டதால் அவரை அகற்றுவதும் மாற்றம்தானே என்று ஐயம் எழுப்பினார் இன்னொருவர். தலைவர் மெலியும்வரை காத்திருந்தால் என்ன என்று மூன்றாமவர் கேட்டார். அடுத்த தலைவராக வர அவருக்கு ஆசை இருந்தது.

பின்னறையிலிருந்து குரல் வந்தது. "உடைங்கய்யா!"

"தலைவரே, விதி..." என்றார் செயலாளர் அம்மா.

"விதியாவது மண்ணாவது! அது மத்தவங்களுக்கு எழுதினது!"

ரொட்டிக்காரர் மூலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தலைவரின் முகம் சிவந்து, வாய் திறந்து, மீன் மாதிரி இருந்தது. பாவமாகக்கூட இருந்தது.

"காத்தே இல்லய்யா" என்றார் தலைவர் அவரிடம். "மூச்சு முட்டுது. இதுக்குள்ள மனுஷன் இருப்பானா?"

ரொட்டிக்காரர் கேட்க நினைத்த கேள்வியை அந்த ஆளே கேட்டுவிட்டார். பதில்தான் சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் வந்து நின்ற மனைவி சொன்னாள்: "எங்க பொண்ணு இருக்கா சார்."

ஒரு பிரதிநிதி கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"அம்மா, தாயே, சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க" என்றார் தலைவர்.

"உங்க புகார் எங்களுக்கு முக்கியம் சார். கொஞ்சம் பொறுத்திருங்க" என்றாள் மனைவி, அலுவலகக் குரலில். பிறகு தீயணைப்பு அதிகாரியிடம் திரும்பினாள். "சுவர் எங்களுதுங்க. உடைங்க."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

எல்லோரும் ரொட்டிக்காரரைப் பார்த்தார்கள். செயலாளர் அம்மா அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் உடம்பில் இரண்டு நாள் தூக்கமின்மை எரிந்துகொண்டிருந்தது.

"உடைங்க சார்!" என்று கத்தினார். தன் வீட்டில் அப்படி ஒரு சத்தம் போட்டது அதுதான் முதல்முறை. "நல்லாப் பெருசா உடைங்க!"

தீயணைப்புக்காரர்கள் தோட்டத்தின் பூட்டை அறுத்து, பூப்பாத்தியை மிதித்துக்கொண்டு வந்து சுவரைத் தகர்த்தார்கள். முதல் செங்கல் விழுந்ததும் பின்னறைக்குள் ஒரு கை அகல வெளிச்சம் வந்து கட்டில்மேல் விழுந்தது. பிறகு ஒரு ஆள் அகலம் வந்தது. தலைவர் வெண்ணெயும் செங்கல்தூளுமாகத் தோட்டத்தில் சரிந்து விழுந்தார். கல் இருக்கையில் உட்கார வைத்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். தெருவில் நின்ற வரிசை கைதட்டியது.

மறுநாள் எல்லாச் செய்தித்தாளிலும் தலைவர் பேட்டி கொடுத்திருந்தார். மாட்டிக்கொண்டதாகச் சொல்வது விஷமிகளின் வேலை. தான் தன் உடலையே உளியாக்கி அந்த வீட்டைத் திறந்து வைத்ததாகவும், தன் வாழ்நாளில் கட்டி முடிக்கப்பட்ட முதல் படைப்பு அதுதான் என்றும் அவர் சொல்லியிருந்தார். இதில் கடைசிப் பாதி உண்மை.

செவ்வாய்க்கிழமை செயலாளர் அம்மா தோட்டத்து வழியாக ஓட்டையருகே வந்து நின்று மன்றத்தின் முடிவைச் சொன்னார். ஓட்டை அப்படியே பாதுகாக்கப்படும். அதை அடைக்கக் கூடாது. ஜன்னலோ கதவோ வைக்கவும் கூடாது. உடைந்த செங்கல்லின் விளிம்பு ஒன்றுகூடச் சிதையக் கூடாது.

"மழை அடிச்சா?" என்றார் ரொட்டிக்காரர்.

"அது படைப்போட தொடர்ச்சி."

"திருடன் வந்தா?"

"தோட்டத்துக்குப் பூட்டு போட்டிருக்கோமே."

"பூட்டைத்தான் அறுத்துட்டாங்களே."

"அதையும் அப்படியே பாதுகாக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம்."

மறுநாள் ரொட்டிக்காரர் அடுமனை முதலாளியிடம் கேட்டு, பழைய மாவுக்கிடங்கில் சும்மா கிடந்த ஒரு கதவை வாங்கினார். கனமான கதவு, நல்ல தாழ்ப்பாள். கூட வேலை செய்கிற இரண்டு பேர் வந்து தூக்கிக் கொடுத்தார்கள். அவரும் மனைவியுமாக உடைந்த செங்கல்லையெல்லாம் கொத்தி நேராக்கி, நிலை வைத்துப் பூசி, கதவை மாட்டினார்கள். மேலே கம்பி போட்ட ஒரு சின்னத் திறப்பும் விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி சிட்டு ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவில்லையே என்று மனைவிதான் மூன்று தடவை எழுந்து பார்த்தாள்.

செய்தி மன்றத்துக்கு எட்ட நேரமாகவில்லை. ரொட்டிக்காரர் வேலை முடிந்து வந்து படுத்த காலை நேரத்தில் தோட்டத்துப் பக்கமிருந்து தட்டும் சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். மனைவி அவர் தோளை அழுத்தினாள்.

"நீங்க படுங்க."

அவள் கதவைத் திறந்தாள். வெளியே செயலாளர் அம்மா, அவர் பின்னால் செயற்குழு முழுவதும் பனியில் நனைந்த செருப்போடு நின்றது.

"அம்மா, என்ன காரியம் பண்ணிட்டீங்க! ஒரு மகத்தான படைப்புக்குக் கதவு போடலாமா? இது உங்களுக்கு வெறும் ஓட்டை. சமுதாயத்துக்கு இது ஒரு திறப்பு. உங்க வசதிக்காக ஒரு நகரத்தோட நினைவையே மூடறீங்க. தலைவர் எவ்வளவு வேதனைப்படறார் தெரியுமா? சட்டப்படி நடவடிக்கை வரும். அடுத்த வருஷம் ஜனங்க வந்து பார்க்கிறப்ப நாங்க எதைக் காட்டறது?"

மனைவி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். புகார் சொல்பவர் முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது என்பது அவள் வேலையில் விதி.

"சொல்லி முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்."

"எங்க வீட்டுக்காரர் தூங்கறார்" என்றாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே செயலாளர் அம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நல்ல கனமான மரம். வார்த்தைகள் எதுவும் தெளிவாக உள்ளே வரவில்லை. ரொட்டிக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய குறட்டைதான் கேட்டது, தோட்டம் வரைக்கும்.